தர்சினியின் இரண்டு மணித்தியாலம்

போன மாதம் கல்லடியில் ஒரு விடுதி மண்டபத்தில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு, அதாவது மருத்துவிச்சிமாருக்கு, ஒருநாள் பயிலரங்கு நடந்தது. தலைப்பு ‘உன்னை நீ கவனி’. ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கும் என்னையும் அழைத்திருந்தார்கள். அழைத்தவள் நிரோஜினி. செட்டிபாளையத்தில் நான் பார்த்த பிரிவை இப்போது அவள்தான் பார்க்கிறாள். “மிஸ், கடைசியில பதினைஞ்சு நிமிசம் உங்கட அனுபவத்தச் சொன்னா போதும்” என்றாள்.

கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் நல்ல பிள்ளை. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார், கவனித்தோம். என் பக்கத்துக் கதிரையில் இருந்தவளின் கைபேசி மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. வலி தொடங்கிய யாரோ ஒரு தாய். எடுக்கவா விடவா என்று அவள் ஒரு கண்ணைத் திறந்து திறந்து பார்த்தாள். அதன்பிறகு ஆளுக்கொரு முந்திரிகை வத்தல், ஒரே ஒரு காய்ந்த திராட்சை, தந்தார்கள். அதை ஐந்து நிமிடம் பார்த்து, தடவி, மணந்து, நாக்கில் வைத்து, மெல்ல மென்று விழுங்க வேண்டும். உணவை முழுக் கவனத்தோடு உண்ணுதல் என்று பலகையில் எழுதியிருந்தது. அப்போது நேரம் ஒன்று இருபது. மதியச் சாப்பாடு வரவில்லை. விடியப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வெறும் தேத்தண்ணியோடு ஓடிவந்த பெண்கள் மண்டபம் நிறைய இருந்து ஆளுக்கொரு வத்தலை மென்றுகொண்டிருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

“இந்தப் புள்ளையள் எப்ப சாப்பிடுற?”

“இந்தப் பகுதி முடிஞ்ச உடன மிஸ்” என்றார் பயிற்றுநர்.

“சாப்பாட்ட முதல்ல குடுங்க. மூச்சு எங்கயும் ஓடாது.”

பின்வரிசையில் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் சிரிக்கவில்லை. சாப்பாடு இரண்டேகாலுக்கு வந்தது. என் பதினைந்து நிமிடம் ஐந்தாகக் குறைந்தது. அந்த ஐந்திலும் கோபத்தில் உருப்படியாக ஒன்றும் சொல்ல வரவில்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது நிரோஜினி கேட்டாள். “அவங்க நல்ல விசயம்தானே மிஸ் சொன்ன? உங்களுக்கு என்னத்துக்கு அவ்வளவு கோவம்?”

“நல்ல விசயமா இருக்கிறதுதான் கோவம்.”

“எனக்கு விளங்கல்ல. எழுதித் தாங்க, நாங்க படிக்கிறம்.”

ஆகவே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது யுத்த காலத்தில். ஒன்றரை வருடப் பயிற்சி. பிரசவம் பார்க்க, தொப்புள்கொடி கட்ட, நிறை நிறுக்க, ஊசி போட, பதிவேடு எழுத எல்லாம் படித்தோம். தாய்மாருக்குச் சொல்ல வேண்டியதையும் மனப்பாடம் செய்தோம்: நேரத்துக்குச் சாப்பிடுங்கள், போதிய ஓய்வெடுங்கள், மனதைச் சந்தோசமாக வைத்திருங்கள். இருபது வருடத்துக்கு மேலாக அந்த மூன்று வாக்கியத்தையும் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். தபால்காரர் கடிதம் போட்டுவிட்டுப் போவது போலத்தான். உள்ளே திறந்து படித்தார்களா என்று நின்று பார்த்ததில்லை.

எங்களுக்கு மேலே பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியாகப் பிலோமினா மிஸ் வந்த பிறகுதான் எனக்குச் சங்கடம் தொடங்கியது. நெடிய மனிசி. கதைப்பது குறைவு. வந்த முதல் மாதாந்தக் கூட்டத்திலேயே எங்கள் அறிக்கைகளைக் கேட்காமல், வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்து, “காலையில என்ன சாப்பிட்ட?” என்று கேட்டார். நாலு பேர் ஒன்றும் சாப்பிடவில்லை. நானும் அதில் ஒருத்தி. கூட்டத்தை நிறுத்தி எங்கள் நாலு பேரையும் கடைக்கு அனுப்பிவிட்டார். இடியப்பம் தின்றுகொண்டே நாங்கள் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை மாதிரி நடத்துகிறாராம்.

பன்னிரண்டரைக்குப் பார்சலைப் பிரித்தால் அந்த இருபது நிமிடமும் அவரிடம் யாரும் வேலை கதைக்க முடியாது. ஒருமுறை மேலிடத்திலிருந்து அவசரமாகத் தொலைபேசி வந்தது. “சாப்பிடுறா எண்டு சொல்லு” என்றார். அந்தப் பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டி வந்தது எனக்கு. வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

மேற்பார்வைக்கு எங்களோடு வீடுகளுக்கு வரும்போது அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஸ்கூட்டியை வேலிக்கு வெளியே நிறுத்துவார். ஹெல்மெட்டைக் கழற்றி, வேர்வையைத் துடைத்து, மூச்சு ஆறும்வரை அப்படியே நிற்பார். நான் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு மனதுக்குள் நிமிடங்களை எண்ணுவேன். பிறகு கிணத்தடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, ஒன்றையும் விடமாட்டார். வீட்டார் கதிரை கொண்டுவந்து போட்டாலும் தாய் பாயில் இருந்தால் அவரும் பாயில்தான் இருப்பார். பதிவுக் கோப்பைத் திறக்காமல் கவிழ்த்து மடியில் வைப்பார். கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அதன்பிறகு மூன்று கேள்வி. எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்விகள்.

“நேத்து எத்தின மணிக்குச் சாப்பிட்ட மகள்?”

“கடைசியா எப்ப அவசரமில்லாமக் குளிச்ச?”

“தொடர்ந்து எத்தின மணித்தியாலம் நித்திர கொண்ட?”

ஒரு வீட்டுக்கு முக்கால் மணித்தியாலம். எனக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லாததால் அதையும் நான்தான் பதில்கடமை பார்த்தேன். இந்த மனிசியோடு போகும் நாட்களில் என் மண்டை வெடிக்கும்.

இனித் தர்சினியின் கதை.

செட்டிபாளையத்தில் வாவிப் பக்கமாக இருந்த வீடு. தர்சினிக்கு அப்போது இருபத்தைந்து வயது. கலியாணத்துக்கு முன்னும் பின்னும் பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். கணவன் ஜீவன் வாவியில் வலை போடுபவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்திருந்தான், ஆகவே வீட்டின் நிர்வாகம் தர்சினியின் தாய் பூமணியக்காவிடம். பூமணியக்காவைப் போல ஒரு தாய் கிடைத்தால் எந்தக் குடும்பநல உத்தியோகத்தரும் சந்தோசப்படுவாள். வீடு பளிச்சென்றிருக்கும். சரக்கு அரைத்துப் பத்தியக்கறி நேரத்துக்கு நேரம் நடக்கும். கிளினிக் திகதி ஒன்றும் தவறாது. நான் போனதும் தேத்தண்ணி வரும், கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் வரும். எல்லாப் பதிலும் பூமணியக்காதான் சொல்வார்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். நாலாவது நாள் போனேன், குறையில்லை. ஒன்பதாவது நாள் போனேன், குறையில்லை. நாலாவது கிழமை பத்துக் கேள்விப் படிவத்தோடு போனேன். பிள்ளை பெற்ற பெண்ணின் மனநிலையை அறியும் படிவம் அது. தாயைத் தனியே வைத்துக் கேட்க வேண்டும், அவளே யோசித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு அது ஆறாவது வீடு. நேரம் ஒன்றரை. காலையில் ஒரு பிளேன்டீ குடித்ததுதான். தலை இடித்துக்கொண்டிருந்தது. பின்னேரம் அலுவலகத்துக்கு மாத அறிக்கை கொடுக்க வேண்டும். தர்சினி பாயில் பிள்ளையோடு இருந்தாள். பக்கத்தில் பூமணியக்கா.

“சிரிக்கக்கூடிய விசயங்களுக்குச் சிரிக்க முடியுதா?” என்று கேட்டேன்.

“அவள் எப்பவும் சிரிச்ச முகம்தானே மிஸ்” என்றார் பூமணியக்கா.

“காரணமில்லாமப் பயம், பதட்டம்?”

“நாங்க இரிக்கக்குள்ள அவளுக்கு என்ன பயம்?”

தர்சினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அடுத்த கட்டத்தில் அடையாளம் போட்டேன். பதிலைக் கேட்டு எழுதினேன் என்று சொன்னால் பொய். எழுதிக்கொண்டே கேட்டேன். கடைசி மூன்று கேள்விகளையும் கேட்கவே இல்லை. தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது அதில் பத்தாவது கேள்வி. ‘ஒருபோதுமில்லை’ என்று நானே அடையாளம் போட்டு, கையொப்பமும் வைத்துவிட்டு ஸ்கூட்டியில் ஏறினேன்.

மறு கிழமை பிலோமினா மிஸ் மேற்பார்வைக்கு வந்தார். பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைப்பது போல ஒரு வீட்டைத் தெரிந்தெடுப்பார். அன்றைக்கு விரல் தர்சினியின் பெயரில் நின்றது. எனக்கு நிம்மதி. நல்ல வீடு, கெதியாக முடியும் என்று நினைத்தேன்.

வேலிக்கு வெளியே நின்றார். கிணத்தடியில் கழுவினார். பாயில் இருந்தார். கோப்பைக் கவிழ்த்தார். தர்சினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கேள்வியைக் கேட்டதும் பூமணியக்கா பதில் சொல்லத் தொடங்கினார். மிஸ் முழுதும் கேட்டுவிட்டு, “அம்மா, உங்கட வளவில செவ்விளநி காய்ச்சிரிக்கி. எனக்கு ஒண்டு கிடைக்குமா?” என்றார். வீட்டுக்கு வந்த பெரிய மிஸ் வாய்விட்டுக் கேட்டால் எந்தத் தாய் கொடுக்காமல் இருப்பார்? பூமணியக்கா ஆள் தேடிப் பின்வளவுக்குப் போய்விட்டார்.

மிஸ் மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

தர்சினி சிரிக்கவில்லை. “தொடர்ந்தா மிஸ்?” என்றாள். நான் வாயைத் திறந்தேன். மிஸ் என் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கி நிறுத்தினார்.

“புள்ள பிறந்த நாளில இருந்து நான் படுக்கல்ல மிஸ். கண்ண மூடினா புள்ள அழுற சத்தம். ஒழும்பிப் பாத்தா புள்ள நல்ல நித்திர. மறுகாயும் கேக்கும். பகல்ல படுத்தா உடம்பு ஊதும் எண்டு அம்மா விடமாட்டா. ஆக்கள் புள்ள பாக்க வந்துகொண்டே இரிக்காங்க. நான் சிரிச்சுக்கொண்டு இரிக்கன்.”

“ம்.”

“நான் இல்லாட்டி இந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல அம்மா கிடைச்சிரிப்பா எண்டு நினைக்கிற.”

பிலோமினா மிஸ்ஸின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. தண்ணி இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டார். “சாகணும் எண்டு நினைச்சியா மகள்?”

“ஓம்.”

“எப்ப?”

“முந்தநாள் பின்னேரம் வாவிக்கரைக்குப் போனன். புள்ள வீட்ட. கண்டல் மரத்தடியில நிண்டன். அப்பவும் புள்ள அழுற சத்தம் கேட்டிச்சு. திரும்பி வந்திட்டன்.”

அந்த வீட்டுக்கும் வாவிக்கரைக்கும் நடுவே ஒரு முழு வயல் கிடக்கிறது. அங்கே நின்றால் வீட்டில் அழும் பிள்ளையின் சத்தம் கேட்காது.

என் மடியில் அந்தப் படிவம் இருந்தது. ‘ஒருபோதுமில்லை’. என் கையொப்பம்.

இளநீர் வந்தது. மிஸ் அதை வாங்கித் தர்சினியின் கையில் கொடுத்துக் குடிக்கச் செய்தார். பிறகு பூமணியக்காவைத் தன் பக்கத்தில் இருத்தி, தர்சினிக்கு முன்னாலேயே விசயத்தைச் சொன்னார். இது ஒரு வருத்தம், நோய். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வருவது. மருந்து இருக்கிறது, நித்திரையும் வேண்டும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், பிள்ளையையும் கூடவே கொண்டுபோகலாம், அதுவரை அவளைத் தனியே விடக்கூடாது.

பூமணியக்கா வெடித்தார். “என்ர புள்ளைக்கு விசரா? ஊருக்கு என்ன சொல்ற? நான் அவளுக்கு என்ன குறை வெச்ச? மூண்டு நேரமும் பத்தியம் நான்தானே சமைக்கிற? அடுப்படிப் பக்கம் அவள விட்டிரிக்கனா?”

எனக்கும் கோபம் வந்தது. “உங்கட பத்தியக்கறியால வந்ததில்ல அக்கா, அவள நீங்க வாய் திறக்க விடாததால வந்தது!” என்று கத்தினேன். சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது, அது என்னையே பார்த்துக் கத்த வேண்டியது. பூமணியக்கா அழத் தொடங்கினார். ஒரு குறையும் வைக்கவில்லைத்தான் அந்த மனிசி. தனக்குத் தெரிந்த அத்தனை பராமரிப்பையும் செய்திருந்தார்.

வாசலில் ஜீவன் நின்றான். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் தெரியாது. கையில் இருந்த வலைப்பையைக் கீழே வைத்தான். நேரே போய் அலுமாரியைத் திறந்து பிள்ளையின் உடுப்புகளை எடுத்து ஒரு பைக்குள் போட்டான்.

“நான் கூட்டிட்டுப் போறன் மாமி” என்றான். அவ்வளவுதான். அந்த வீட்டில் அவன் குரலை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஆட்டோவில் நானும் போனேன். ஆஸ்பத்திரியில் மனநல விடுதியில் ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது பிலோமினா மிஸ் தன் ஸ்கூட்டியோடு நின்றார். படிவத்தை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். கேட்காத கேள்வி, போட்ட அடையாளம், எல்லாம்.

“அண்டைக்கு என்ன சாப்பிட்டிருந்த?” என்று கேட்டார்.

“ஒண்டும் இல்ல மிஸ். அதோட பதில்கடமை வேற, ஆறு வீடு...”

“அது காரணம். மன்னிப்பில்ல.”

பேனையை எடுத்துத் தந்தார். எழுதியதை அழிக்கக் கூடாது. மறைக்கவும் கூடாது. பிழையான விடைக்கு மேலே வாசிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியான விடை. திகதி, கையொப்பம். கேட்காத மூன்று கேள்விக்கும் நேரே ‘கேட்கப்படவில்லை’ என்று எழுதச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சுவரில் வைத்து எழுதினேன். எனக்கு எதிராக ஒரு அறிக்கையும் போனது. எழுதியது அவரேதான். ஆனால் அதே அறிக்கையில், இரண்டு பிரிவை ஒருத்தி தலையில் போட்டால் நடப்பது இதுதான் என்றும் எழுதியிருந்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒரு கிழமையில் வந்தது. பக்கத்துப் பிரிவுக்கு ஆள் வர ஒன்பது மாதம் எடுத்தது. என் எரிச்சல் எங்கே தொடங்குகிறது என்று நிரோஜினிக்கு இப்போது விளங்கும். உன்னை நீ கவனி என்று சொல்லும் அதே வாயால், இவளுடைய வேலையை நாளைக்கு யார் பார்ப்பது என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தன்னைக் கவனிப்பதும் அவளுக்கு இன்னொரு கடமை. கவனிக்காமல் விட்டதற்கும் அவளையே குற்றம் பிடிப்பீர்கள்.

தர்சினி பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். மருந்து தொடர்ந்தது. மிஸ்ஸும் நானும் போய் பூமணியக்கா, ஜீவன், தர்சினி மூவரையும் இருத்திக் கதைத்தோம். மனதைச் சந்தோசமாக வைத்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. யார், எத்தனை மணிக்கு, எதைச் செய்வது என்று மட்டும் கதைத்தோம். ஜீவன் வாவியிலிருந்து வந்து குளித்துச் சாப்பிடக் காலை ஒன்பதரை ஆகும். ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை பிள்ளை அவனிடம். அந்த இரண்டு மணித்தியாலமும் தர்சினி அறைக்குள், கதவு பூட்டி. நித்திரை வந்தால் நித்திரை. வராவிட்டால் சும்மா கிடக்கலாம். பிள்ளை பாலுக்கு அழுதால் மட்டும் கதவைத் தட்டலாம்.

“அவ்வளவு நேரம் கதவப் பூட்டிக்கொண்டு என்ன செய்யிற?” என்று பூமணியக்கா கேட்டார்.

“ஒண்டும் செய்யாம இரிக்கிறதுக்குத்தான் அம்மா” என்றாள் தர்சினி. அவள் தாய்க்குப் பதில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

லேசில் நடக்கவில்லை. ஜீவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் நடப்பதைப் பார்த்து ஆட்கள் பகிடி பண்ணினார்கள். பூமணியக்கா முதல் கிழமை அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கதவைத் தட்டினார், மகள் உயிரோடு இருக்கிறாளா என்ற பயத்தில். அந்தப் பயத்தையும் குறை சொல்ல முடியாது. உள்ளே தாழ்ப்பாள் போடுவதில்லை, தட்டாமல் மெல்லத் திறந்து பார்க்கலாம் என்று தர்சினியே ஒரு வழி சொன்னாள். எட்டு மாதத்தில் மருந்தைக் குறைத்தார்கள். பிறகு நிறுத்தினார்கள். பாலர் பாடசாலைக்குத் திரும்பிப் போனாள்.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது தர்சினி மீண்டும் கர்ப்பமானாள். பதிவுக்கு வந்த அன்றே, “மிஸ், எனக்குத் திரும்பி வரும் எண்டு சொல்றாங்க, உண்மையா?” என்று நேரே கேட்டாள். வரலாம் என்றேன். ஏழாம் மாதத்திலேயே மனநல வைத்தியரிடம் அனுப்பினோம். எனக்குத்தான் நித்திரை போனது.

ஆண் பிள்ளை. எட்டாவது நாள் வீட்டுக்குப் போனேன். நேரம் பத்தேகால். வாசலில் கதிரை போட்டு பூமணியக்கா இருந்தார். மூத்தவள் பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஜீவன் தோளில் பிள்ளையோடு நடந்துகொண்டிருந்தான். பிள்ளை பார்க்க வந்த இரண்டு பெண்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அவள் படுக்கிறாள். மறுகா வாங்க மிஸ்” என்றார் பூமணியக்கா.

“அக்கா, நான் மிட்வைஃப். எட்டாம் நாள் பாக்கணும். இன்னும் நாலு வீடு இரிக்கி.”

“பெரிய டாக்குத்தர் வந்தாலும் பதினொண்டரைக்குத்தான்.”

“கதவத் தட்டிப் பாருங்களன்.”

“தட்ட மாட்டன்.”

எரிச்சலோடு மாமரத்தடியில் நின்றேன். வெயில் ஏறியது. பூமணியக்கா ஒருதரம் எழுந்து கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து பார்த்துவிட்டு வந்து திரும்ப இருந்தார். சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார்.

பதினொன்று நாற்பதுக்குக் கதவு திறந்தது. தர்சினி வந்தாள். தலைமயிர் குலைந்து கிடந்தது. ஒரு கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. எனக்கு முன்னால் வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். காத்திருக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

“கேளுங்க மிஸ்” என்று படியில் வந்து இருந்தாள்.

நான் கேட்டேன். அவள் சொன்னாள். பூமணியக்கா எழுந்து, மூத்தவளையும் கூட்டிக்கொண்டு, நாங்கள் கதைப்பது காதில் விழாத தூரத்துக்குப் போனார்.